டிஜே மிக்ஸரில் கிராஸ்ஃபேடரையும் ஹெட்போன் குமிழ்களையும் எப்படிப் பயன்படுத்துவது?

முதல் மிக்ஸர் வாங்கிய ஒருவரின் கேள்வி இது. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குறுக்குத் தள்ளியான கிராஸ்ஃபேடரை நடுவில் வைத்தால் அவருடைய மிக்ஸரில் சத்தம் தொய்கிறது, நண்பருடையதில் அப்படி இல்லை. ‘க்யூ’ என்ற பொத்தான் பிளேயரிலும் இருக்கிறது, மிக்ஸரிலும் இருக்கிறது. ஹெட்போனில் ஒரு நேரம் இரண்டு பாட்டும் கலந்து கேட்கிறது, இன்னொரு நேரம் ஒன்றுமே கேட்பதில்லை. எதை எப்போது தொடுவது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கிராஸ்ஃபேடரில்தான் பழக ஆரம்பிக்கிறார்கள். பார்க்க அதுதான் டிஜே வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு உறுத்தாமல் போக வேண்டுமென்றால், பாதிக்கு மேற்பட்ட வேலை ஹெட்போனிலேயே முடிந்துவிடுகிறது. கிராஸ்ஃபேடர் அதற்கப்புறம்தான். அதனால் காது பக்கத்தை முதலில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிக்ஸரில் ஒரு சேனலை, அதாவது ஒரு பிளேயரின் பாட்டு வந்து இறங்கும் வரிசையை, மேலிருந்து கீழாகப் பாருங்கள். பாட்டு உள்ளே வந்ததும் அதன் சத்த அளவை அமைக்கும் ட்ரிம் குமிழ். சிலவற்றில் கெயின் என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே ஹை, மிட், லோ என்று உயர், நடு, தாழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் மூன்று ஈக்யூ குமிழ்கள். அப்புறம் மேலும் கீழும் நகரும் சேனல் ஃபேடர். கடைசியில் குறுக்கே ஓடும் கிராஸ்ஃபேடர். இத்தனையையும் தாண்டி மாஸ்டர் குமிழ் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. இது கூட்டம் கேட்கும் வாய்க்கால். இன்னொரு கிளை வாய்க்கால் சேனல் ஃபேடருக்கு முன்னாலேயே பிரிந்து ஹெட்போனுக்குப் போகிறது. அந்தக் கிளையின் மதகுதான் சேனலில் இருக்கும் க்யூ பொத்தான்.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சேனல் ஃபேடர் முழுக்கக் கீழே இருந்தாலும், கிராஸ்ஃபேடர் எதிர்ப் பக்கம் ஒட்டிக் கிடந்தாலும், க்யூ எரிந்துகொண்டிருந்தால் அந்தப் பாட்டு உங்கள் காதில் கேட்கும். கூட்டத்துக்குத் தெரியாமல் அடுத்த பாட்டைத் தேடி, தாளம் சேர்த்து, தயாராக வைத்திருக்க முடிவது இதனால்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலான மிக்ஸர்களில் இந்தக் கிளை ட்ரிம்முக்கும் ஈக்யூவுக்கும் பின்னால் பிரிகிறது. ஆகவே லோ குமிழைத் திருகிக் குறைத்தால் ஹெட்போனிலும் பேஸ் குறையும். அடுத்த பாட்டின் பேஸை முன்கூட்டியே வெட்டிவைத்துவிட்டு, ‘பேஸ் எங்கே போனது, ஹெட்போன் கெட்டுவிட்டதா’ என்று திகைத்தவர்கள் உண்டு.

இது பெரிய வசதியும்கூட. பாட்டை வெளியே விடுவதற்கு முன்னாலேயே அதன் சத்தத்தைச் சரிசெய்துகொள்ளலாம். பாட்டில் எல்லா வாத்தியமும் சேர்ந்து முழங்கும் பகுதியை ஓடவிட்டு, சேனல் மீட்டரைப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் மீட்டர் எவ்வளவு எழுகிறதோ அதே அளவுக்கு ட்ரிம்மைத் திருப்புங்கள். சிவப்பு விளக்கு எரியவே கூடாது. அமைதியாகத் தொடங்கும் பாட்டின் முதல் பத்து விநாடியை வைத்து ட்ரிம் அமைத்தால், மேளம் இறங்கும் இடத்தில் காது கிழியும்.

சரி, இரண்டு க்யூ பற்றி. பெயர் ஒன்றுதான், வேலை வேறு வேறு. பிளேயரில் இருக்கும் க்யூ ஒரு இடத்தைக் குறித்துவைக்கிறது. பாட்டை நிறுத்தி, முதல் பீட்டின் மேல் கொண்டுபோய் வைத்து அழுத்தினால் அந்த இடம் நினைவில் நிற்கும். பாட்டு ஓடும்போது அதையே அழுத்தினால், பாட்டு அந்த இடத்துக்குத் திரும்பி வந்து நின்றுவிடும். மிக்ஸரின் க்யூ பாட்டின் மேல் கை வைப்பதே இல்லை. காதுக்கு அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. இரண்டையும் மாற்றி அழுத்தினால் விளைவு ஒரே மாதிரி இருக்காது. மிக்ஸரில் தவறாக அழுத்தினால் உங்கள் காதில் குழப்பம், அவ்வளவுதான். ஓடும் பாட்டின் பிளேயரில் அழுத்தினால் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்று உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். புதிதாகப் பழகுபவர்களிடம் மிக்ஸரில் இருப்பதை ‘காது பொத்தான்’ என்றே சொல்லிவிடுவேன், குழப்பம் தீர்ந்தது.

ஹெட்போன் பகுதியில் வழக்கமாக இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று சத்தம். இன்னொன்றில் ஒரு ஓரத்தில் க்யூ, மறு ஓரத்தில் மாஸ்டர் என்று எழுதியிருக்கும். மிக்ஸ் குமிழ் என்பார்கள். க்யூ ஓரத்தில் வைத்தால் நீங்கள் க்யூ அழுத்திய சேனல் மட்டும் கேட்கும். மாஸ்டர் ஓரத்தில் வைத்தால் வெளியே போவது மட்டும் கேட்கும். நடுவில் இரண்டும் கலந்து வரும். ‘ஹெட்போனில் ஒன்றுமே வரவில்லை’ என்பதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கும்: க்யூ ஓரத்தில் வைத்துவிட்டு எந்தச் சேனலிலும் க்யூ அழுத்தாமல் விட்டிருப்பீர்கள். ‘இரண்டும் குழம்பிக் கேட்கிறது’ என்பதற்குக் காரணம், பழைய பாட்டின் க்யூவை அணைக்காமல் புதிய பாட்டின் க்யூவையும் போட்டிருப்பது. பல மிக்ஸர்களில் இரண்டும் ஒன்றாக எரியும். ஒன்றைப் போட்டால் மற்றது தானாக அணையாது.

ஒரு மாற்றத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். ஏ பக்கம் ஒரு பாட்டு ஓடுகிறது, வேகம் 120 பிபிஎம், நிமிடத்துக்கு 120 பீட். அதாவது ஒரு பீட்டுக்கு அரை விநாடி, நான்கு பீட் கொண்ட ஒரு பாருக்கு 2 விநாடி, எட்டு பாருக்கு 16 விநாடி. நடனப் பாட்டுகளில் பெரும்பாலும் எட்டு அல்லது பதினாறு பாருக்கு ஒருமுறை ஏதாவது மாறும்: ஒரு தட்டு கூடும், குரல் வரும், பேஸ் நிற்கும். அந்த இடங்கள்தான் உங்களுக்கு வாசல்.

பி பக்கம் அடுத்த பாட்டை ஏற்றுங்கள். பி சேனல் ஃபேடர் கீழே. பி-யின் க்யூ எரியட்டும், ஏ-யின் க்யூ அணையட்டும். மிக்ஸ் குமிழ் முழுக்க க்யூ ஓரத்தில். இப்போது காதில் பி மட்டும்தான். முதல் கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, விழும் இடத்தைக் கண்டுபிடித்து பிளேயரின் க்யூவில் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரிம்மையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அப்புறம் மிக்ஸ் குமிழை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஏ மாஸ்டர் வழியாகவும் பி க்யூ வழியாகவும் காதில் சேர்ந்து வருகின்றன. காலால் ஏ-யின் தாளத்தைத் தட்டுங்கள். எட்டாவது பார் முடிந்து புதிய சுற்று எழும் அதே பீட்டில் பி-யை ஓடவிடுங்கள்.

இனி காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கிக்கும் ‘டம்’ என்று ஒன்றாக விழுந்தால் சரி. ‘டடம்’ என்று இரட்டையாக விழுந்தால் ஏதோ ஒன்று முந்துகிறது. எது முந்துகிறது என்று முதல் சில வாரங்களுக்குக் காதுக்குப் பிடிபடாது, எல்லாருக்கும் அப்படித்தான். ஒரு வழி: பி-யை விரலால் லேசாக முன்னே தள்ளுங்கள். இரட்டைச் சத்தம் நெருங்கினால் திசை சரி. இன்னும் விலகினால் எதிர்த்திசை. மிக்ஸ் குமிழைக் கொஞ்சம் க்யூ பக்கம் திருப்பினால் பி உரத்துக் கேட்கும், ‘டடம்’மில் உரத்தது முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று பிரித்தறிவதும் எளிதாகும். இந்தக் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுபவர்களே அதிகம். அதைத் தொடர்ந்து அசைத்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.

சேர்த்தாயிற்று, ஆனால் சிறிது நேரத்தில் மறுபடி விலகுகிறது என்றால் வேகமே ஒத்துப்போகவில்லை. விரலால் தள்ளுவது இடத்தைத்தான் சரிசெய்யும். வேகத்தைச் சரிசெய்ய பிளேயரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடர் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 120-க்கு ஒரு பீட் 500 மில்லிவிநாடி. 121-க்கு சுமார் 496. ஒவ்வொரு பீட்டிலும் 4 மில்லிவிநாடிச் சொச்சம் விலகும். எட்டு பார், அதாவது 32 பீட் போனால் 130 மில்லிவிநாடியைத் தாண்டிவிடும். கால் பீட்டுக்கும் மேல். வெறும் ஒரு பிபிஎம் வித்தியாசம் 16 விநாடியில் செய்கிற வேலை இது. திரையில் எண் ஒத்துப்போனாலும் காதை நம்புங்கள் என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான். மென்பொருள் பாட்டின் வேகத்தைத் தப்பாகக் கணித்திருந்தால், எண் ஒத்தும் தாளம் ஒட்டாது.

தாளம் ஒட்டி நிற்கிறது என்று தெரிந்ததும் பி சேனல் ஃபேடரை ஏற்ற ஆரம்பியுங்கள். கூடவே மிக்ஸ் குமிழை மெல்ல மாஸ்டர் பக்கம் திருப்புங்கள். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். தங்கள் காதில் பி உரத்துக் கேட்பதால் வெளியிலும் அப்படித்தான் கேட்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். வெளியே பி இன்னும் முனகிக்கொண்டிருக்கும். மாஸ்டர் பக்கம் திருப்பினால்தான் கூட்டம் கேட்பது உங்களுக்கும் கேட்கும்.

ஒரு காதில் ஹெட்போன், மறு காது திறந்து என்று பெரிய டிஜேக்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தோரணைக்காக இல்லை. மூடிய காதில் அடுத்த பாட்டு, திறந்த காதில் ஓடும் பாட்டு. இரண்டையும் இடத்தால் பிரித்துக் கேட்பது மூளைக்கு எளிது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. பெரிய ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் சத்தம் உங்கள் காதுக்கு வந்து சேர கிட்டத்தட்ட 29 மில்லிவிநாடி ஆகும். ஹெட்போனுக்கு அந்தத் தாமதம் கிடையாது. தாமதமாக வரும் சத்தத்தோடு ஹெட்போனை ஒட்டவைத்தால், கூட்டத்தின் பக்கம் இரண்டு கிக்கும் அதே 29 மில்லிவிநாடி விலகி விழும். நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள், ஆனாலும் குதிரை நொண்டி ஓடுவது மாதிரி கேட்கும். அதனால்தான் டிஜே நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தனி மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். மிக்ஸரில் ‘பூத்’ என்ற குமிழ் அதற்குரியது. மானிட்டர் இல்லாத இடத்தில் திறந்த காதை நம்பாதீர்கள். இரண்டு காதையும் மூடி, மிக்ஸ் குமிழை நடுவில் வைத்துச் சேருங்கள். புளூடூத் ஹெட்போனும் இதே காரணத்தால் ஆகாது. பலவற்றில் 100 மில்லிவிநாடிக்கு மேல் தாமதம் இருக்கும். வயர் உள்ளதே போதும்.

சில மிக்ஸர்களில் ‘ஸ்ப்ளிட்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டால் இடது காதில் க்யூ, வலது காதில் மாஸ்டர், இரண்டும் மோனோவாக. மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாத இடத்தில் உயிர்காப்பான். எனக்கு அதில் நீண்ட நேரம் வேலை செய்தால் தலை சுற்றும். சிலருக்கு அது இல்லாமல் ஓடாது. இரண்டு சேனல் மட்டும் உள்ள சில மிக்ஸர்களில் க்யூ பொத்தானே இருக்காது, ஹெட்போனுக்கென்று ஒரு குட்டி ஃபேடர் இருக்கும். ஒரு ஓரம் முதல் சேனல், மறு ஓரம் இரண்டாவது சேனல்.

அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வழியும் சொல்கிறேன். மிக்ஸ் குமிழை முழுக்க க்யூ ஓரத்தில் வைத்து, இரண்டு சேனலின் க்யூவையும் ஒன்றாகப் போடுங்கள். க்யூ சேனல் ஃபேடருக்கு முன்னாலேயே எடுக்கப்படுவதால், இரண்டு ஃபேடரும் உச்சியில் இருந்தால் கலவை எப்படி இருக்குமோ அது காதில் கேட்கும். இரண்டு பாட்டின் சுருதி மோதுகிறதா, இரண்டு குரல் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறதா என்பதெல்லாம் கூட்டத்துக்குக் கேட்கும் முன்பே தெரிந்துவிடும். மோதினால் பாட்டை மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

இப்படி முன்கூட்டியே கேட்கிற வசதி கடையில் வாங்கும் பெட்டியோடு வருவதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒரு காலத்தில் அது கைவேலை. நியூயார்க்கில் ஹேவன் என்ற கிளப்பில் ஃபிரான்சிஸ் கிராஸோ என்ற டிஜே வாசித்த காலத்தில், 1971 வாக்கில், அலெக்ஸ் ரோஸ்னர் என்ற ஒலிப் பொறியாளர் அங்கே ஒரு மிக்ஸரைச் செய்து கொடுத்தார். சிவப்பு வண்ணம் பூசியிருந்ததால் அதற்கு ‘ரோஸி’ என்று பெயர். அதே 1970களில் அதே நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற டிஜே, அடுத்த இசைத்தட்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் ஹெட்போனில் மட்டும் கேட்பதற்காகத் தானே ஒரு ஸ்விட்ச் அமைப்பைக் கட்டினார். பள்ளியில் மின்னணுவியல் படித்தவர் அவர். ஒளிந்து எட்டிப் பார்க்கும் குழந்தை விளையாட்டின் பெயரைக் கொண்டு அதைப் ‘பீக்-அ-பூ’ என்று அழைத்தார்.

ஹெட்போன் சத்தம் பற்றிச் சுருக்கமாக. வயரைச் செருகும் முன் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வேலையிடத்துக்குச் சொல்லும் எல்லை 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். தாளம் ஒட்டியதும் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கும் பழக்கம் காதைக் காக்கும். இரவு முன்னேற முன்னேறக் குமிழ் தானாக மேலே ஏறிக்கொண்டே போகிறது என்றால், காது களைத்துவிட்டது என்று பொருள்.

இப்போது கிராஸ்ஃபேடர். இடது ஓரம் ஏ, வலது ஓரம் பி. இடது ஓரத்தில் இருந்தால் ஏ மட்டும் வெளியே போகும், வலது ஓரத்தில் பி மட்டும், நடுவில் இரண்டும். நான்கு சேனல் மிக்ஸர்களில் ஒவ்வொரு சேனலுக்கும் ‘ஏ’, ‘த்ரூ’, ‘பி’ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். எந்தச் சேனல் கிராஸ்ஃபேடரின் எந்தப் பக்கம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. த்ரூவில் வைத்த சேனலைக் கிராஸ்ஃபேடர் எதுவும் செய்யாது. எங்கே நகர்த்தினாலும் அது நேராக வெளியே போய்விடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிறந்தநாள் விழாவில். வீட்டில் நான் பழகியது இரண்டு சேனல் பெட்டி, அதில் அந்த ஸ்விட்சே கிடையாது. கிராஸ்ஃபேடரை ஏ பக்கம் தள்ளிவிட்டால் பி-யில் என்ன செய்தாலும் வெளியே கேட்காது என்ற தைரியத்தில், சேனல் ஃபேடர் இரண்டையும் எப்போதும் உச்சியிலேயே வைத்திருப்பேன். விழாவில் இருந்தது நான்கு சேனல் மிக்ஸர். எனக்கு முன்னால் வாசித்தவர் எல்லாச் சேனலையும் த்ரூவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் கிராஸ்ஃபேடரை ஏ பக்கம் தள்ளிவிட்டு, பி-யில் அடுத்த பாட்டின் நடுவில் இடம் தேட ஆரம்பித்தேன். முன்னும் பின்னுமாக நான் சுழற்றிய கிறீச்சல் அத்தனையும் ஸ்பீக்கரில். ஹெட்போன் இறுக்கி மூடியிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. ஒருவர் வந்து தோளைத் தட்டியபோதுதான் நிமிர்ந்தேன். அன்றிலிருந்து இரண்டு விஷயம் விடாமல் செய்கிறேன்: வெளியே போகாத சேனலின் ஃபேடர் கீழே இருக்கும், புதிய மிக்ஸர் முன்னால் நின்றதும் முதலில் அந்தச் சின்ன ஸ்விட்சுகளைத்தான் பார்ப்பேன். இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு: ஃபேடர் மேலே, மீட்டர் ஆடுகிறது, வெளியே மட்டும் சத்தமில்லை. கிராஸ்ஃபேடர் எதிர் ஓரத்தில் கிடக்கும்.

நடுவில் சத்தம் தொய்வதற்கு வருவோம். கிராஸ்ஃபேடர் நகரும்போது ஒவ்வொரு பக்கமும் எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு வளைவு உண்டு, கர்வ் என்பார்கள். நேர்கோடாகக் குறையும் வகையில், நடுவில் இரண்டு பாட்டும் பாதி அளவுக்கு, அதாவது 6 டெசிபல் இறங்கியிருக்கும். வெவ்வேறு பாட்டுகள் இரண்டு அப்படிச் சேர்ந்தால் மொத்தம் முன்பிருந்ததைவிட சுமார் 3 டெசிபல் குறைவு. அந்தத் தொய்வுதான் உங்கள் காதுக்குத் தட்டுப்படுகிறது. இன்னொரு வகையில் நடுவில் ஒவ்வொன்றும் 3 டெசிபல் மட்டும் இறங்கும்; சேரும்போது மொத்தச் சத்தம் மாறாது. நண்பருடையது அப்படி இருக்கலாம். மூன்றாவது வகையில் நடுவில் இரண்டும் முழுச் சத்தத்தில் நிற்கும், மொத்தம் 3 டெசிபல் கூடிவிடும். நான்காவது, இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஒலி எழுப்பும் ஸ்க்ராட்ச் செய்பவர்களுக்கு: ஓரத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பாட்டு முழுசாகத் திறந்துவிடும். பல மிக்ஸர்களில் இதை மாற்ற முன்பக்கமோ மேலேயோ ஒரு ஸ்விட்ச் அல்லது குமிழ் இருக்கும். லேப்டாப் மென்பொருளை இயக்கும் கண்ட்ரோலர் என்றால் அந்த மென்பொருளின் அமைப்பில் தேடுங்கள். உங்கள் மிக்ஸர் பழுதாகவில்லை, வளைவுதான் வேறு.

எந்த வளைவு என்று கேட்டால், மெல்லக் கலப்பதற்கு இரண்டாவது வகை, வெட்டுவதற்கு நான்காவது. ஆனால் மெல்லக் கலக்கக் கிராஸ்ஃபேடரே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கிராஸ்ஃபேடரில் ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும், இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. சேனல் ஃபேடர்களில் அந்தக் கட்டாயம் இல்லை. பி-யை முக்கால் அளவுக்கு ஏற்றி 30 விநாடி அப்படியே ஓடவிட்டு, ஏ-யைத் தொடாமலே இருக்கலாம். 1970களின் டிஸ்கோ கிளப்புகளில் பேர்பெற்ற போசாக் மிக்ஸரில் கிராஸ்ஃபேடரே கிடையாது, வெறும் வட்டக் குமிழ்கள்தான். நீண்ட கலவைகள் அதில்தான் வளர்ந்தன. இன்றும் கிராஸ்ஃபேடர் இல்லாமல் வட்டக் குமிழோடு மட்டும் மிக்ஸர் செய்கிறார்கள், விரும்பி வாங்கவும் ஆள் இருக்கிறார்கள்.

எந்த ஃபேடரில் செய்தாலும் பேஸ் விஷயம் ஒன்றுதான். இரண்டு பாட்டின் கிக்கும் பேஸும் ஒன்றாக ஓடினால் சத்தம் சேறாகிவிடும். உள்ளே வரும் பாட்டின் லோ குமிழை முன்னாலேயே குறைத்து வையுங்கள். எட்டு பாரோ பதினாறு பாரோ முடிந்து சுற்று மாறும் அந்தப் பீட்டில், ஒரு கையால் ஏ-யின் லோவை இறக்கி மறு கையால் பி-யின் லோவை ஏற்றுங்கள். ஃபேடரை எவ்வளவு நேர்த்தியாக நகர்த்தினாலும் கிடைக்காத மாற்றம் இந்த ஒரு திருகலில் கிடைத்துவிடும். கூட்டத்தின் தலையாட்டல் நிற்காது, பாட்டு மட்டும் மாறியிருக்கும்.

கிராஸ்ஃபேடர் ராஜாவாக இருக்கும் இடம் வெட்டு. முதல் பீட்டில் சட்டென்று ஏ-யிலிருந்து பி-க்குத் தாவுவது, ஒரு பீட் அங்கே ஒரு பீட் இங்கே என்று மாற்றிப் போடுவது, ஸ்க்ராட்ச் செய்வது. 1970களின் நடுவில் பிராங்க்ஸில் ஸ்க்ராட்ச்சைத் தொடங்கிவைத்தவராகக் கிராண்ட் விசார்ட் தியோடரைச் சொல்வார்கள். ஒரு கை தட்டை முன்னும் பின்னும் இழுக்கும், மறு கை கிராஸ்ஃபேடரில் ஒலியைத் திறந்து மூடும். ஆரம்பத்தில் ஃபேடரைத் தொடாமல் தட்டை மட்டும் இழுத்துப் பழகுங்கள். பேபி ஸ்க்ராட்ச் என்பது அதுதான். அது தாளத்தில் நிற்கும்வரை ஃபேடர் கை சும்மா இருக்கட்டும். ஃபேடரை உள்ளங்கையால் பிடித்து இழுக்காதீர்கள். கட்டைவிரல் ஒரு பக்கம் மெல்ல அழுத்தியிருக்க, மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம் தட்ட வேண்டும். கட்டைவிரல் ஸ்பிரிங் மாதிரி திருப்பி அனுப்பும்.

சில மிக்ஸர்களில் ‘ரிவர்ஸ்’ அல்லது ‘ஹாம்ஸ்டர்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். போட்டால் கிராஸ்ஃபேடரின் ஏ, பி பக்கங்கள் இடம் மாறிவிடும். சில ஸ்க்ராட்ச்களுக்குக் கை அசைவு அப்படித்தான் இயல்பாக வருகிறது என்பவர்கள் பலர். புல்லட்ப்ரூஃப் ஸ்க்ராட்ச் ஹாம்ஸ்டர்ஸ் என்ற குழுவிடமிருந்து வந்த பெயர் அது. தெரியாமல் அது போடப்பட்டிருந்தால் ‘இடது பக்கம் தள்ளினால் வலது பாட்டு வருகிறது’ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

வீட்டில் பழக நான் சொல்வது இது. ஒரே பாட்டை இரண்டு பக்கமும் ஏற்றுங்கள். ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போனில் மற்றதை அதோடு ஒட்டுங்கள். அருகில் நெருங்கும்போது விமானம் தலைக்கு மேல் போவது மாதிரி ‘ஷ்ஷூ’ என்று ஒரு சுழற்சி கேட்கும். அது கேட்டால் மில்லிவிநாடிக் கணக்கில் நெருங்கிவிட்டீர்கள். திரையைத் துண்டால் மூடிக்கொண்டு செய்யுங்கள், தாளத்தைத் தானாக ஒட்டவைக்கும் சிங்க் பொத்தானையும் மறந்துவிடுங்கள். வேலைக்குப் போகும்போது சிங்க் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அது தவறும் நாளில் காது கை கொடுக்க வேண்டும். கிராஸ்ஃபேடருக்கு: 120 பிபிஎம்மில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு எட்டு பாரில், அதாவது சரியாக 16 விநாடியில் நகர்த்துங்கள், நான்காவது பார் முடியும்போது நடுவில் இருக்க வேண்டும். பலர் முதல் பாதியை ஊர்ந்துவிட்டு, கடைசி இரண்டு பாரில் ஓட்டமாக ஓடுவார்கள். அப்புறம் நான்கு பார், இரண்டு பார், ஒரு பார் என்று குறைத்து, கடைசியில் ஒரே வெட்டு.

நாளாக நாளாக ஃபேடர் கரகரக்கும். சாதாரண ஃபேடரில் ஒரு கார்பன் தடத்தின் மேல் உலோக முனை உரசுகிறது. தூசியும் சிந்திய பானமும் உள்ளே போனால் சத்தம் விட்டு விட்டு வரும். ஃபேடருக்கென்றே விற்கும் கிளீனரைப் பயன்படுத்துங்கள். கதவுக் கீலுக்குப் போடும் ஸ்பிரேயை அடித்தால் உள்ளே இருக்கும் மசகுப் பசை போய்க் கைக்கு வழவழப்பு கெட்டுவிடும். காந்தத்தாலோ ஒளியாலோ இடத்தை அறியும் உரசாத ஃபேடர்கள் விலை கூடியவற்றில் வருகின்றன. ஸ்க்ராட்ச் செய்யாதவருக்கு அவசியமில்லை.

கடைசியாக, மிக்ஸருக்குப் பதில் லேப்டாப்போடு கண்ட்ரோலர் வைத்திருந்து ஹெட்போன் ஊமையாக இருந்தால், பெரும்பாலும் பெட்டியில் பழுது இருக்காது. மென்பொருளின் ஆடியோ அமைப்பைத் திறங்கள். மாஸ்டருக்கு 1, 2 வெளியீடு, ஹெட்போனுக்கு 3, 4 வெளியீடு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் தேர்வாகியிருந்தால் மாஸ்டருக்கு மட்டும்தான் இடம் இருக்கும், க்யூ போக வழியே இல்லை. கண்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து, ஒரு சேனலின் க்யூவைப் போட்டு, மிக்ஸ் குமிழை க்யூ ஓரத்துக்குத் திருப்பி, சத்தக் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றிப் பாருங்கள்.